சக்கரங்கள் நேராக நிற்பதில்லை

கார் வாங்கப் போகும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும்? ஏ.சி. எப்படி? திருப்பி விற்றால் என்ன விலை போகும்? அவர்களுடைய பிள்ளைகள் கேட்பது வேறு. எத்தனை குதிரைத் திறன்? நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை விநாடியில் தொடும்? இரண்டு தலைமுறையும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. இந்தக் கார் வளைவில் எப்படித் திரும்பும்?

ஸ்போர்ட்ஸ் காரைச் சாதாரணக் காரிலிருந்து பிரித்துக் காட்டுவது இந்தக் கேள்விதான். நேர் சாலையில் வேகமாகப் போவதற்குப் பெரிய என்ஜின் போதும். வளைவில் வேகமாகவும் பத்திரமாகவும் போவதற்குச் சக்கரங்கள் நிற்கும் விதம் சரியாக இருக்க வேண்டும். ஃபரிதாபாதிலும் நோய்டாவிலுமாக முப்பது ஆண்டுகள் வண்டிகளின் அடிப்பாகத்தோடு பழகியவன் என்பதால், இதைப் பற்றி நம் மலருக்கு எழுதும்படி ஆசிரியர் குழுவினர் கேட்டார்கள். பந்தயக் காரில் தொடங்கி, நம் வீட்டு வாசலில் நிற்கும் மாருதியில் முடிக்கலாம் என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் விதி ஒன்றுதான்.

முதலில் ஓர் ஆச்சரியம். நல்ல காரின் சக்கரங்கள் எதுவும் முழுக்க நேராக நிற்பதில்லை. ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத அளவு உள்ளே பார்க்கும், வெளியே பார்க்கும், அல்லது சாய்ந்திருக்கும். அந்தச் சிறு கோணங்களைத் தொழிற்சாலை குறித்த அளவில் வைப்பதற்குத்தான் வீல் அலைன்மென்ட் என்று பெயர்.

உள்ளங்கை அளவு நிலம்

ஒரு டன் எடையுள்ள காரில் ஐந்து பேர் உட்கார்ந்து போகிறோம். அந்தக் காருக்கும் சாலைக்கும் உள்ள தொடர்பு நான்கே இடங்களில்தான். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. புறப்படுவது, நிற்பது, திரும்புவது எல்லாமே இந்த நான்கு உள்ளங்கைகளின் தயவு.

வளைவில் திரும்பும்போது டயர் தான் பார்க்கும் திசையிலேயே அப்படியே உருள்வதில்லை. ரப்பர் நெளிந்து, பார்க்கும் திசைக்கும் போகும் திசைக்கும் இடையே சில டிகிரி வித்தியாசம் உண்டாகிறது. அந்த நெளிவிலிருந்துதான் காரை வளைக்கும் பக்கவாட்டு விசை பிறக்கிறது. நெளிவு ஓர் அளவைத் தாண்டினால் பிடி நழுவிவிடும்.

முன் சக்கரங்களின் பிடி முதலில் நழுவினால், நாம் ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்பக் கார் நேராகவே போகப் பார்க்கும். இதற்கு அண்டர்ஸ்டீர் என்று பெயர். பின் சக்கரங்கள் முதலில் நழுவினால் வால் வெளியே வீசிக் கார் பம்பரமாகச் சுற்றப் பார்க்கும். இது ஓவர்ஸ்டீர். இரண்டுமே ஆபத்துதான் என்றாலும் முதலாவதைச் சாதாரண மனிதர் சமாளிக்கலாம். பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்பக்கம் சாய்ந்து, முன் டயர்களுக்குப் பிடி பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். இரண்டாவதில் அப்படிக் காலை எடுப்பதே நிலைமையை மோசமாக்கும். அதைச் சமாளிக்கப் பயிற்சி பெற்ற கைகள் வேண்டும். அதனால்தான் குடும்பக் கார்களை அண்டர்ஸ்டீர் பக்கம் கொஞ்சம் சாய்த்தே வடிவமைக்கிறார்கள். ஸ்போர்ட்ஸ் காரில் இந்த இரண்டுக்கும் நடுவே, கத்தி முனையில் நிற்பது போன்ற சமநிலையைத் தேடுகிறார்கள். தேடும் கருவிகள் டோ, கேம்பர், காஸ்டர் என்ற மூன்று கோணங்கள்.

டோ: பாதங்கள் பார்க்கும் திசை

எழுந்து நின்று உங்கள் பாதங்களைப் பாருங்கள். இரு கட்டைவிரல்களும் ஒன்றையொன்று பார்த்துச் சற்று உள்ளே திரும்பியிருந்தால் அது டோ-இன். வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் டோ-அவுட். காரை மேலிருந்து பார்த்தால் முன் சக்கரங்கள் இரண்டும் இப்படித்தான் நிற்கும்.

டோ-இன் வைத்தால் நேர் சாலையில் கார் அலையாமல் போகும். பள்ளம் மேடுகளில் சக்கரம் சற்றே தடுமாறினாலும் மறுபடி நேராக வந்துவிடும். டோ-அவுட் வைத்தால் அதற்கு நேர்மாறு. ஸ்டியரிங்கைத் தொட்ட மாத்திரத்தில், உட்பக்கச் சக்கரம் ஏற்கெனவே அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பதால், மூக்கு சட்டென்று திரும்பும். பந்தயக் கார்களில் முன் சக்கரங்களுக்கு டோ-அவுட் வைப்பது இதற்காகத்தான். ஆனால் நேர் சாலையில் அந்தக் கார் ஓயாமல் இங்குமங்கும் முகர்ந்துகொண்டே போகும். ஓட்டுநர் ஒரு கணமும் ஓய முடியாது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. சக்கரம் பார்க்கும் திசை, போகும் திசையிலிருந்து 0.1 டிகிரி விலகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 14 அங்குல ரிம்மில் அது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, சுமார் 0.6 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால், அந்த டயர் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 1.75 மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. விடுமுறைக்கு தில்லியிலிருந்து சென்னைக்குக் காரிலேயே போகும் குடும்பங்கள் நம்மில் உண்டு. அந்த 2,200 கிலோமீட்டரில், சக்கரம் உருண்டது போக, ஏறக்குறைய 4 கிலோமீட்டர் தூரம் டயரைத் தார்ச்சாலையில் குறுக்காக இழுத்துத் தேய்த்த கணக்கு! 0.1 டிகிரிக்கே இந்தக் கதை என்றால், ஒரு பெரிய பள்ளத்தில் விழுந்து அரை டிகிரி விலகிய சக்கரத்தை நினைத்துப் பாருங்கள்.

இந்தக் கொடுக்கல் வாங்கலை வெட்டவெளிச்சமாகக் காட்டியது 2020ஆம் ஆண்டின் ஃபார்முலா ஒன் போட்டி. அந்த ஆண்டு பிப்ரவரியில் பார்சிலோனாவில் நடந்த சோதனை ஓட்டத்தில், மெர்சிடிஸ் காரை ஓட்டிய லூயிஸ் ஹாமில்டன் நேர் சாலைக்கு வந்ததும் ஸ்டியரிங் சக்கரத்தைத் தன் மார்பை நோக்கி இழுப்பதும், வளைவு நெருங்கியதும் முன்னே தள்ளுவதும் கேமராவில் பதிவாயிற்று. பார்த்தவர்கள் திகைத்துப்போனார்கள். விஷயம் இதுதான். இழுத்தால் முன் சக்கரங்களின் டோ-அவுட் குறைந்து நேராகும். தள்ளினால் மறுபடி வெளியே திரும்பும். நேர் சாலைக்கு ஒரு டோ, வளைவுக்கு ஒரு டோ! டயர்களைத் தேவைப்பட்டபோது சூடாக்கவும் இது உதவியது. மற்ற அணிகளிடம் இல்லாத இந்த ஏற்பாடு 2021 முதல் விதிகளின்படி தடை செய்யப்பட்டது. உலகத்திலேயே அதிகச் செலவு பிடிக்கும் போட்டியில் ஓர் அணி இத்தனை பாடுபட்டது முன் சக்கரங்களைச் சற்றே உள்ளேயும் வெளியேயும் திருப்புவதற்காக என்பதே டோவின் பெருமையைச் சொல்லும்.

கேம்பர்: சாய்ந்து நிற்கும் சக்கரம்

காரை நேர் எதிரே நின்று பாருங்கள். சக்கரத்தின் மேல்பாகம் காரின் உட்பக்கம் சாய்ந்திருந்தால் அது நெகட்டிவ் கேம்பர். வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் பாசிட்டிவ்.

வளைவில் கார் வெளிப்பக்கம் சாய்கிறது. அதோடு சேர்ந்து வெளிப்பக்கச் சக்கரமும் சாய்ந்து, டயரின் வெளி விளிம்பில் மட்டும் நிற்கப் பார்க்கிறது. ஏறத்தாழ முழுப் பாரமும் அந்தச் சக்கரத்தின் மேல் இருக்கும் நேரத்தில் உள்ளங்கை விரலாகச் சுருங்கிவிடுகிறது. இதை முன்கூட்டியே எண்ணி, நிற்கும் காரிலேயே சக்கரத்தைச் சற்று உள்ளே சாய்த்து வைத்தால், வளைவில் அது நிமிர்ந்து டயர் முழுப் பரப்போடு சாலையைப் பற்றும். குடும்பக் கார்களில் இந்தச் சாய்வு பெரும்பாலும் ஒரு டிகிரிக்குள். சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார்களில் ஒன்றிலிருந்து இரண்டு டிகிரி சாதாரணம். பந்தயக் களத்தில் மூன்று, நான்கு வரை போவார்கள்.

இதற்கும் விலை உண்டு. நேர் சாலையில் டயரின் உள் விளிம்பு மட்டும் பாரம் தாங்குகிறது. அங்கே சூடேறித் தேய்கிறது. பிரேக் பிடிக்கும்போது முழு டயரும் உதவிக்கு வராது. 2011இல் பெல்ஜியத்தின் ஸ்பா களத்தில் ரெட் புல் அணி இந்த விலையை எதிர்கொண்டது. டயர் கொடுத்த பிரெல்லி நிறுவனம் பரிந்துரைத்த அளவைச் சற்றே தாண்டி முன் சக்கரங்களைச் சாய்த்திருந்தார்கள். தகுதிச் சுற்று முடிந்தபோது டயர்களின் உள் விளிம்பில் கொப்புளங்கள். மறுநாள் பந்தயத்தில் டயர்களைச் சீக்கிரமே மாற்றிச் சமாளித்து செபாஸ்டியன் வெட்டல் வென்றார் என்றாலும், வேகத்துக்கும் பாதுகாப்புக்கும் இடையே இருப்பது ஒரு டிகிரியில் சிறு பங்குதான் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்தது.

கேம்பர் தவறான பக்கம் போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஷெவ்ரலே கோர்வேர் கார் பழைய உதாரணம். 1960இல் வந்த அந்தக் காரில் என்ஜின் பின்னால். பின் சக்கரங்கள் ஊஞ்சல் போல ஒரே மூட்டில் ஆடும் அச்சில் பொருத்தப்பட்டிருந்தன. வேகமான வளைவில் காரின் பின்பாகம் மேலெழும்பினால், வெளிப்பக்கப் பின் சக்கரம் காருக்கு அடியில் மடங்கிக்கொள்ளும். அதாவது சட்டென்று பாசிட்டிவ் கேம்பர். பிடி போய் வால் வீசும். இதைத் தவிர்க்க முன் டயரில் 15, பின் டயரில் 26 பவுண்டு என்று வித்தியாசமாகக் காற்று அடைக்கச் சொன்னார்கள். எத்தனை பேர் அதைக் கவனித்திருப்பார்கள்? 1965இல் வழக்கறிஞர் ரால்ஃப் நேடர் எழுதி, கார் தொழிலையே உலுக்கிய புத்தகத்தின் முதல் அத்தியாயம் இந்தக் காரைப் பற்றியதுதான். அதே காலத்தின் மற்ற கார்களைவிட இது மோசமில்லை என்று 1972இல் வெளியான அரசு ஆய்வு சொன்னது. அது எப்படியிருந்தாலும், 1964 மாடலில் பின்பக்கம் கூடுதலாக ஒரு ஸ்பிரிங் வைத்தார்கள். 1965இல் பின் அச்சின் அமைப்பையே மாற்றிவிட்டார்கள்.

காஸ்டர்: தானே நேராகும் மாயம்

சைக்கிளைப் பக்கவாட்டில் பாருங்கள். முன் ஃபோர்க் செங்குத்தாக இல்லை. மேல்நுனி ஓட்டுபவரை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. கையை விட்டு ஓட்டும் பையன்கள் விழாமல் போவதற்கு இந்தச் சாய்வும் ஒரு காரணம். காரின் முன் சக்கரங்கள் திரும்பும் அச்சும் இதே போலப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். இதுதான் காஸ்டர்.

திருப்பம் முடிந்ததும் ஸ்டியரிங் நம் கைக்குள் வழுக்கிக்கொண்டு தானே நேராவது பெரும்பாலும் இதன் வேலை. காஸ்டர் அதிகமானால் நெடுஞ்சாலையில் கார் அம்பு போல் போகும். ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் தானாகவே உள்ளே சாய்ந்து நெகட்டிவ் கேம்பர் பெறும். நேர் சாலையில் டயரைத் தேய்க்காமல், தேவைப்படும் நேரத்தில் மட்டும் கிடைக்கும் கேம்பர் இது. இதற்கு விலை, ஸ்டியரிங் கனமாவது. பவர் ஸ்டியரிங் வந்த பிறகு அந்தக் கவலை குறைந்து, காஸ்டரைத் தாராளமாக வைக்க முடிந்தது.

ஸ்டியரிங்கும் தேரும்

நம் ஊர்த் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஸ்டியரிங் கிடையாது. நேரான அச்சில் கோத்த மரச்சக்கரங்கள். வீதி முனையில் தேரைத் திருப்ப, முட்டுக்கட்டை போடுகிறவர்கள் உயிரைப் பணயம் வைத்துச் சக்கரத்தடியில் கட்டையைக் கொடுக்கிறார்கள். வடம் பிடிப்பவர்கள் பலம் அத்தனையும் கொடுத்து இழுத்தாலும், சக்கரங்கள் தரையில் அரைந்துதான் தேர் திரும்பும். காரணம், திரும்பும்போது உட்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் போயாக வேண்டும். இரண்டும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஏதாவது ஒன்று உராயத்தான் வேண்டும்.

இதற்குத் தீர்வு கண்டவர் ஜெர்மனியின் மியூனிக் நகரத்துக் கோச்சு வண்டி செய்யும் கெயார்க் லாங்கென்ஸ்பெர்கர். உட்பக்கச் சக்கரம் அதிகமாகவும் வெளிப்பக்கச் சக்கரம் குறைவாகவும் திரும்பும்படி 1817இல் ஓர் ஏற்பாட்டைக் கண்டுபிடித்தார். அவருடைய பிரதிநிதியாக இங்கிலாந்தில் 1818இல் காப்புரிமை எடுத்தவர் ருடால்ஃப் ஆக்கர்மன். செய்தவர் ஒருவர், பெயர் இன்னொருவருக்கு. இன்றுவரை இதை ஆக்கர்மன் ஏற்பாடு என்றே சொல்கிறோம். குறுகலான இடத்தில் காரை நிறுத்தும்போது முன் டயர்கள் கீச்சிடாமல் திரும்புவது இதனால்தான். பந்தயக் காரில் கதை வேறு. அதிவேக வளைவில் பாரமெல்லாம் வெளிப்பக்க டயர் மேல் இருக்கும், இரு டயர்களின் நெளிவும் வேறுபடும் என்பதால், இந்த ஏற்பாட்டைக் களத்துக்குத் தக்கபடி கூட்டியும் குறைத்தும் வைக்கிறார்கள்.

ஸ்டியரிங் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதும் முக்கியம். சாதாரணக் காரில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மூன்று சுற்றுக்கு மேல் ஆகும். ஸ்போர்ட்ஸ் கார்களில் இரண்டு, இரண்டரை. ஃபார்முலா ஒன் காரில் ஒரு முழுச் சுற்றுகூட இல்லை. கையை எடுத்து மாற்றிப் பிடிக்க அவர்களுக்கு நேரம் கிடையாது. நமக்கோ, நெடுஞ்சாலையில் ஒரு தும்மல் வந்தால் கார் பக்கத்து வரிசைக்குத் தாவிவிடக்கூடாது. மெதுவான ஸ்டியரிங் நமக்குக் குறையல்ல, காப்பு.

பின் சக்கரங்களின் ரகசியம்

ஸ்டியரிங் முன் சக்கரங்களோடு சேர்ந்தது என்பதால் பின் சக்கரங்களை நாம் மறந்துவிடுகிறோம். நிபுணர்கள் மறப்பதில்லை. காரின் குணத்தைத் தீர்மானிப்பது பின் சக்கரங்களின் டோதான் என்றால் அது மிகையல்ல. பின்னால் சிறிது டோ-இன் இருந்தால், வளைவில் பாரம் தாங்கும் வெளிப்பக்கச் சக்கரம் வளைவின் உட்பக்கம் நோக்கியிருக்கும். வால் வீசுவதை அது தடுக்கும். அதே சக்கரம் டோ-அவுட்டாக இருந்தால், வால் வெளியே போவதற்கு அதுவே வழிகாட்டும். பின்பக்க டோ-அவுட் உள்ள காரை மழையில் ஓட்டுவது, பின்னாலிருந்து இன்னொருவர் ஸ்டியரிங்கைத் திருப்புவது போலத்தான்.

போர்ஷே நிறுவனம் இதை அனுபவத்தில் அறிந்திருந்தது. அவர்களுடைய புகழ்பெற்ற 911 காரில் என்ஜின் பின் அச்சுக்கும் பின்னால். வேகமாக வளைவில் நுழைந்து, பயந்து ஆக்ஸிலரேட்டரை விட்டால், எடை முன்னே நகர்ந்து பின் டயர்கள் இலகுவாகி வால் வீசும் என்று பழைய 911க்கு ஒரு பெயர் உண்டு. அந்த நேரத்தில் என்ஜின் இழுவை பின் சக்கரங்களைப் பின்னோக்கி இழுப்பதால், அவற்றைத் தாங்கும் ரப்பர் புஷ்கள் அமுங்கிச் சக்கரம் டோ-அவுட் ஆகப் பார்ப்பது எந்தக் காரிலும் எரிகிற தீயில் எண்ணெய்.

1977இல் வெளியான போர்ஷே 928 காரில் இதற்கு ஓர் அழகான பதில் இருந்தது. அவர்களுடைய ஆராய்ச்சி மையம் இருக்கும் ஊரின் பெயரால் வைஸ்ஸாக் அச்சு என்று அழைக்கப்பட்டது. புஷ்களையும் இணைப்புத் தண்டுகளையும் ஒரு குறிப்பிட்ட விதத்தில் அமைத்ததால், ஓட்டுநர் பயந்து காலை எடுக்கும்போது அதே இழுவை பின் சக்கரத்தை டோ-இன் பக்கம் திருப்பியது. கம்ப்யூட்டர் இல்லை, மோட்டார் இல்லை. மனிதன் பயப்படுவான் என்பதை முன்பே கணக்கில் எடுத்துக்கொண்ட ரப்பரும் இரும்பும்தான். 1978இல் ஐரோப்பாவின் ஆண்டின் சிறந்த கார் என்ற விருது 928க்குக் கிடைத்தது. என் தொழிலில் நான் படித்தவற்றுள் என் மனத்துக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. திறமைசாலிக்குப் பரிசு கொடுப்பதோடு, தடுமாறுகிறவரைக் கைவிடாமலும் இருப்பதே நல்ல வடிவமைப்பு.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு

நமக்குப் பக்கத்திலேயே கிரேட்டர் நோய்டாவில் புத்த் சர்வதேசப் பந்தயக் களம் இருக்கிறது. 2011 முதல் 2013 வரை மூன்று ஆண்டுகள் அங்கே ஃபார்முலா ஒன் போட்டி நடந்தது. நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் முதல் இரண்டு ஆண்டுகளும் அதில் ஓட்டினார். அதைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்குக் கார் மோகம் வந்ததில் வியப்பில்லை. மோகம் தவறில்லை. அது போகும் வழிதான் கவலை தருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் காலனிப் பையன் ஒருவன் தன் காரை என்னிடம் பெருமையோடு காட்டினான். ஸ்பிரிங்குகளை மாற்றிக் காரைத் தாழ்த்தி, அகலமான ரிம்களும் போட்டிருந்தான். "அங்கிள், இப்ப ரோட்டோட ஒட்டிக்கிட்டு போகுது, பாருங்க" என்றான். மறுநாள் அம்மாவையும் பாட்டியையும் ஏற்றிக்கொண்டு யமுனா எக்ஸ்பிரஸ்வே வழியாக ஆக்ரா போவதாக இருந்தான். வெளியிலிருந்து பார்த்தால் டயர்கள் புதுசு. குனிந்து, முன் டயரின் உட்பக்கம் விரலை வைத்தேன். ரப்பர் தீர்ந்து கம்பி குத்தியது.

நடந்தது இதுதான். காரைத் தாழ்த்தினால் சக்கரத்தைத் தாங்கும் கையும், அதைத் திருப்பும் டை ராடும் தொழிற்சாலை கொடுத்த கோணத்திலிருந்து மாறிவிடும். கேம்பர் மாறும், டோ மாறும். அதைவிட மோசம், இரண்டும் வெவ்வேறு வட்டத்தில் ஏறி இறங்குவதால், ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் சக்கரம் தானாகவே சற்றுத் திரும்பும். பம்ப் ஸ்டீர் என்று இதற்குப் பெயர். நாம் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருந்தாலும் சாலை காரைத் திருப்பும். பந்தயக்காரர்கள் காரைத் தாழ்த்தும்போது இந்த மூட்டுகளையெல்லாம் புதிய இடத்துக்கு மாற்றி, கோணங்களை மறுபடி அளந்து வைக்கிறார்கள். அவர்கள் களம் மேடு பள்ளம் இல்லாதது. டயரையும் பந்தயத்தின் நடுவிலேயே கழற்றி எறிகிறார்கள். அந்தப் பையனுக்கு வேலை செய்து கொடுத்த கடையில் அலைன்மென்ட் பார்க்கவே இல்லையாம். எக்ஸ்பிரஸ்வேயின் கான்கிரீட்டில், வெயிலில், அந்த டயர் எத்தனை தூரம் தாங்கியிருக்கும் என்று யோசிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் ரயிலில் போனார்கள். கார் பழைய ஸ்பிரிங்குக்குத் திரும்பியது.

வேகத்தில் ஆசையுள்ள பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். களத்துக்குப் போய்க் கற்றுக்கொள்ளுங்கள். காரில் கை வைக்குமுன் அதன் கோணங்களைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு கோணத்தை மாற்றினால் இன்னொன்று தானே மாறும்.

நாம் செய்ய வேண்டியவை

நம் சாதாரணக் காருக்கு ஸ்போர்ட்ஸ் காரின் கோணங்கள் வேண்டாம். தொழிற்சாலை குறித்த கோணங்கள் கலையாமல் இருந்தால் போதும். அதற்குச் சில யோசனைகள்:

மாதம் ஒரு முறை, வண்டி நின்றிருக்கும்போது, டயரின் மேற்பரப்பைக் குறுக்காக மெல்லத் தடவிப் பாருங்கள். கம்பி தெரிகிறதா என்று முதலில் கண்ணால் பார்த்துவிடுங்கள். ஒரு பக்கம் தடவும்போது வழவழப்பும் எதிர்ப்பக்கம் தடவும்போது ரம்பப் பல் போல் கூர்மையும் தெரிந்தால் டோ கெட்டிருக்கிறது. ஒரு விளிம்பு மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தால் கேம்பரைச் சந்தேகிக்கலாம். இரு விளிம்பும் தேய்ந்து நடு நன்றாயிருந்தால் காற்று குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம்.

கார் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பார்க்கும்போது சாலையையும் கவனியுங்கள். மழைநீர் வடிய நம் சாலைகள் ஓரத்தை நோக்கிச் சரிந்திருப்பதால், இடப்பக்கம் லேசாகப் போவது இயல்பு. சமதரையிலும் இழுத்தால் முதலில் காற்றழுத்தத்தைப் பாருங்கள். பாதி நேரம் நோய் அங்கேதான்.

அலைன்மென்ட் வேறு, பேலன்சிங் வேறு. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் நடுங்கினால் அது பேலன்சிங். இழுப்பதும், டயர் கோணலாகத் தேய்வதும், நேராகப் போகும்போது ஸ்டியரிங் கோணலாக நிற்பதும் அலைன்மென்ட்.

மிஸ்திரியிடம் கொடுத்ததும் மெஷினில் ஏற்ற விடாதீர்கள். முதலில் காற்றழுத்தம், பிறகு டை ராடு முனைகள், பால் ஜாயின்ட்கள், புஷ்களில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆடுகிற மூட்டில் அளந்த கோணம் கடைவாசல் தாண்டுமுன் மாறிவிடும். முன், பின் நான்கு சக்கரங்களையும் அளக்கச் சொல்லுங்கள். நம் சிறிய கார்கள் பலவற்றில் பின் சக்கரக் கோணத்தை மாற்ற முடியாது. மாற்ற முடியாவிட்டாலும், அது அளவுக்குள் இல்லையென்றால் பின் அச்சு அடிபட்டிருக்கிறது என்றாவது தெரியும். வேலைக்கு முன், வேலைக்குப் பின் என்ற இரண்டு அளவுகளும் உள்ள அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை என்பதை உங்கள் காரின் கையேடு சொல்லும். பெரிய பள்ளத்தில் விழுந்தாலோ, நடைபாதை ஓரக்கல்லில் மோதினாலோ, புது டயர் போட்டாலோ அதுவரை காத்திருக்க வேண்டாம். ஊருக்கு நீண்ட பயணம் கிளம்ப ஒரு வாரம் முன்பே பார்த்துவிடுங்கள். கடைசி நாளில் பார்த்தால், குறை தெரிந்தாலும் சரிசெய்ய நேரம் இருக்காது.

கடைசியாக ஒன்று. இரண்டே புது டயர் வாங்கினால் அவற்றைப் பின்னால் போடுங்கள். முன் சக்கரங்கள்தானே இழுக்கின்றன, திருப்புகின்றன என்று பலரும் வாதிடுவார்கள். கடைக்காரரும் சில சமயம் அப்படியே சொல்வார். ஆனால் மழைச்சாலையில் முன் டயர் வழுக்கினால் உங்களுக்கு அது ஸ்டியரிங்கில் தெரியும், காலை எடுத்துச் சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினால் தெரியும்போதே கார் திரும்பியிருக்கும். நல்ல டயர் பின்னால் என்பதே பெரிய டயர் நிறுவனங்களின் பரிந்துரையும்.

ஆண்டுக்கு ஓரிரு முறை, அரை மணி நேரம், சில நூறு ரூபாய். நான்கு உள்ளங்கைகளும் தரையை ஒழுங்காகப் பற்றியிருக்க இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியாது. உங்கள் பயணங்கள் அனைத்தும் இனிதே அமைய வாழ்த்துகிறேன்.